மலை விழுங்கிய ஒரு மணி நேரம்

செங்காட்டூர் மணிக்கூண்டு முப்பது வருஷமாக மூன்று நாற்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. ஊருக்கு அது பழகிப்போன விஷயம். "மூணு நாப்பதுகிட்ட நில்லு, வந்தர்றேன்" என்றுதான் ஒருவரையொருவர் வரச் சொல்வார்கள். கூண்டுக்குக் கீழே பூக்கடை, கரும்புச்சாறு, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் நடந்தது, கடிகாரம் மட்டும் நடக்கவில்லை. அதை அண்ணாந்து பார்த்து யாரும் நேரம் தெரிந்துகொண்டதில்லை. அவசியமும் இல்லை. பனியன் தொழிற்பேட்டை மண்டலம் முழுக்க, சட்டைப்பையில் இருக்கிற போனிலிருந்து அடுப்படி மிக்ஸி வரைக்கும், 'சுபவேளை' என்ற நிறுவனம்தான் காற்றிலேயே நேரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள்கூட அழகுக்குத்தான் கட்டினார்கள். அதுவும் சுபவேளையைக் கேட்டுத்தான் முள்ளை நகர்த்தும். தன் புத்தியில் ஓடுகிற கடிகாரம் என்று அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியிருக்க, பேட்டை ஆரம்பித்து இருபது வருஷம் ஆனதைக் கொண்டாட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை வந்தது. சும்மா இருந்திருக்கலாம். தோரணம், மேடை, பாட்டுக் கச்சேரி எல்லாம் முடிவான பிறகு சுபவேளையின் மண்டல அதிகாரி ரகோத்தமனுக்கு ஒரு யோசனை உதித்தது. நடு ஊரில் செத்துக் கிடக்கிற மணிக்கூண்டை ஓட வைத்தால் என்ன? அழைப்பிதழையும் அவரே எழுதினார். 'அந்தக் காலத்தில் மணிக்கூண்டு ஆறு அடித்தால் மில் ஓயும். அந்த மரபு திரும்புகிறது! பங்குனி முதல் வெள்ளி தொடங்கி, மணிக்கூண்டு ஆறு அடித்ததும் பேட்டையில் அன்றைய வேலை முடியும்.' படிக்க நன்றாகத்தான் இருந்தது. அச்சடித்து ஒவ்வொரு தையல் மெஷின் தலையிலும் ஒட்டிவிட்டார்கள்.

கடிகாரத்தைப் பழுது பார்க்க ஆள் தேடித் தேடி அலுத்து, கடைசியில் லிஃப்ட் மெக்கானிக் மயிலாத்தாளைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, எண்ணெய்க் கறை போகாத விரல்கள், யாருக்கும் அடங்காத வாய். கூண்டுக்குள் ஏறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏனுங்க, இதுக்கா இத்தனை நாள் ஆள் தேடுனீங்க? கயிறு, எடைக்கல்லு, பல்சக்கரம், ஆடறதுக்கு ஒரு பெண்டுலம். லிஃப்ட்டும் பாதி இதேதானுங்க. அது ஆளைத் தூக்குது, இது முள்ளைத் தள்ளுது."

மூன்று வாரம் மேலேயே கிடந்தாள். புறா எச்சமே ஐந்து மூட்டை. பல்லுடைந்த இரண்டு சக்கரங்களைத் தன் பட்டறையிலேயே கடைந்து மாட்டினாள். நான்காம் வாரம் திங்கட்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு, போனைப் பார்த்து முள்ளை வைத்து, பெண்டுலத்தைத் தட்டிவிட்டாள். டக்... டக்... என்று அது நடக்க ஆரம்பித்ததும் மயிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதாள்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான் நிலைத்தது. போன்கள் எல்லாம் ஆறு என்றபோது மணிக்கூண்டு கம்பீரமாக ஏழு அடித்தது. சதுக்கமே சிரித்தது.

"ஏம் மயிலா, உன்ற கடிகாரத்துக்கு வூட்டுக்குப் போக என்ன அவசரம்?" என்றாள் பூக்கடை பாக்கியம்.

"மொதல் நாள் அப்படித்தான் இருக்கும். சரி பண்ணிருவேன்" என்று மயிலா முறைத்துவிட்டுப் போனாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால், மணிக்கூண்டில் ஆறு, போனிலும் ஆறு! ஒரு நிமிஷம் பிசகில்லை.

இது நான்கு நாள் நடந்தது. மயிலா நோட்டுப் போட்டுக் குறித்தாள். காலை ஆறுக்குச் சரி. ஒன்பதுக்குச் சரி. போனில் பகல் பன்னிரண்டு ஆகும்போது மணிக்கூண்டில் பன்னிரண்டு இருபது. போனில் ஆறு ஆகும்போது ஏழு. அப்புறம் ராத்திரி முழுக்க மெதுவாகப் பின்வாங்கி, விடியும்போது நல்ல பிள்ளை மாதிரி சரியாகிவிடும். பெண்டுலத்துக் குண்டை இறக்கினாள், ஏற்றினாள், எண்ணெய் மாற்றினாள். மறுபடி பழையபடிதான்.

கெட்டுப்போன கடிகாரம் கெட்டதனமாகவே ஓட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வேகமாக ஓடினால் ராத்திரியும் வேகமாக ஓடணும். ஒன்பதிலிருந்து ஆறு வரை மட்டும் ஓடுவேன், அப்புறம் களைப்பாறுவேன் என்றால்? இரும்புக்கு ஆபீஸ் நேரம் எப்படித் தெரியும்?

*

மயிலாவும் தங்கை சுகந்தியும் சதுக்கத்தை ஒட்டின ஓட்டு வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஒத்துவரவில்லை. ஏன் என்று கேட்டால் மயிலா சொல்கிற பதிலை இங்கே எழுத முடியாது. சுகந்தி பேட்டையில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருகிறவள். போன மாசம் ஊசி அவள் வலது ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. பேட்டையில் அதற்குப் பேரே 'அஞ்சு மணி ஊசி'. காலையில் யாருக்கும் ஏறாது. ஐந்துக்கு மேல்தான் வரிசையாக ஏறும். மருந்தகத்தில் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஊரே அந்த மாத்திரையைத் தின்றது, ஊரே கொட்டாவி விட்டது. எத்தனை தூங்கினாலும் பத்தவில்லை என்பது செங்காட்டூரில் ஒரு நோயே இல்லை, தினசரிப் பேச்சு.

இருட்டுவதும் அங்கே சீக்கிரம். ஐந்தே காலுக்கெல்லாம் பொழுது போய்விடும். வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டால், "மேக்கால மலை இருக்குதுங்கல்ல, அது முழுங்கீருதுங்க" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். சாயங்கால பஸ் கோயம்புத்தூருக்கு எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேரும். அதற்கு டிரைவரைத் திட்டுவார்கள்.

சனிக்கிழமை ராத்திரி. மயிலா போனை மணிக்கூண்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தாள். சுகந்தி சுருண்டு படுத்துவிட்டாள், அவள் போன் செத்துப்போய் சார்ஜில் கிடந்தது. மயிலா இட்லிப் பானையை ஏற்றினாள். செங்காட்டூரில் ஒரு ஈடு இட்லி வேக ஒரு கணக்கு உண்டு. பிறந்த வீட்டிலிருந்து வேறு எது கொண்டுவந்தாலும், இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருகிற பெண் இதை இங்கேதான் கற்றுக்கொள்வாள். காலை ஈடு பன்னெண்டு நிமிஷம், பகல் ஈடு பதினொண்ணு, ராத்திரி ஈடு பதிமூணு. பகலில் வெக்கை, ராத்திரி மலைக் குளிர். காரணமெல்லாம் பக்காவாக வைத்திருந்தார்கள்.

நேரம் பார்க்க எதுவும் இல்லாமல், ஜன்னல் வழியே தெரிந்த மணிக்கூண்டையே பார்த்தாள். சரியாகப் பதிமூன்று நிமிஷம் கழித்து இறக்கினால், இட்லி வறண்டு ஓரம் விறைத்துப்போயிருந்தது. சுகந்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "அக்கா, என்ன இது, தேங்காய் மட்டையாட்டம்?" என்றாள். ரோஷம் வந்து அடுத்த ஈட்டைப் பன்னிரண்டில் எடுத்தாள். பூ மாதிரி வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல். இப்போது வேண்டுமென்றே மணிக்கூண்டைப் பார்த்து வைத்தாள். பதினொன்றில் எடுத்தால் நடுவில் மாவு. பன்னிரண்டில் எடுத்தால் பூ.

காலையும் பன்னெண்டு, பகலும் பன்னெண்டு, ராத்திரியும் பன்னெண்டு. மணிக்கூண்டுக்கு ஒரே கணக்குதான். மூன்று கணக்கு வைத்திருந்தது போன்.

மயிலா அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணிக்கூண்டு வேகமாக ஓடவில்லை. பகலில் இந்த ஊரின் நிமிஷத்தையே யாரோ பிடித்து இழுத்து நீட்டியிருக்கிறார்கள். ஒன்பது மணி நேர வேலை என்று பத்து மணி நேரம் வாங்கிக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தை ராத்திரித் தூக்கத்திலிருந்து நறுக்கி எடுத்திருக்கிறார்கள். உள்ளே சுகந்தி கட்டுப்போட்ட விரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ரகோத்தமன் அறையில் போய் நின்றாள். மெட்ராஸ்காரர், பேச்சில் இனிப்பு. நாற்காலி காட்டினார், காபி சொன்னார்.

"சார், உங்க நேரம் பொய்" என்றாள் மயிலா.

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பொய்னு சொல்லாதீங்க மயிலாத்தா. நேரச் சீராக்கம்னு பேரு. வேலை நேரத்துல நிமிஷம் கொஞ்சம் அகலம், ராத்திரியில கொஞ்சம் ஒடுக்கம். நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம் இருபத்து நாலாவேதான் இருக்கு. 'மண்டலத்துக்குள் சுபவேளை தரும் நேரமே நேரம்'னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தீங்க?"

"எங்க தூக்கத்துல ஒரு மணி நேரத்தைக் களவாண்டிருக்கறீங்க."

"தூங்கறவங்களுக்கு அது தெரியவே தெரியாதும்மா. இருபது வருஷத்துல ஒருத்தராவது கண்டுபிடிச்சாங்களா?"

"விரல் கண்டுபிடிச்சுதுங்க சார். என்ற தங்கச்சி விரல்ல ஊசி ஏறுனது உங்க நேரத்துக்கு அஞ்சே முக்கால். நெசத்துக்கு ஆறே முக்கால். ஆறு மணிக்கே வூட்டுக்கு வந்திருக்க வேண்டிய விரலுங்க அது."

ரகோத்தமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் இந்த மண்டலத்துக்குள்ளதான் குடியிருக்கேன். இதே நேரத்துலதான் வேலை பார்க்கறேன். நான் வீட்டுக்குப் போறப்ப என் பொண்ணு தினமும் தூங்கிப் போயிருப்பா. நான் குறை சொல்றேனா?"

"நீங்க தெரிஞ்சு இழக்கறீங்க. நாங்க தெரியாம இழக்கறோம். ரெண்டும் ஒண்ணுங்களா?"

ரகோத்தமன் திரும்பி வந்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். சுபவேளையிலிருந்து நேரடியாக நேரம் வாங்கி முள்ளை நகர்த்துகிற மோட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பெண்டுலத்தைக் கழட்டிட்டு இதை மாட்டிடுங்க. அன்னிக்குக் காலையில முகப்பைச் சிவப்புத் துணி போட்டு மூடிடுவோம், சாயங்காலம் ஆறுக்குத் திறப்பு விழா. மாட்டலைன்னா உங்க லிஃப்ட் லைசன்ஸைப் புதுப்பிக்க மாட்டோம். நீங்க வெளியே போய்ச் சொல்லலாம். யார் நம்புவாங்க? ஊர் முழுக்க இருக்கற போன் ஒரு பக்கம், புறா முட்டையிட்ட கடிகாரம் ஒரு பக்கம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயிலா வெளியே வந்தாள். லைசன்ஸ் போனால் அடுப்பு எரியாது, அது நிஜம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்டுலம் ஒன்றுதான் இந்த ஊரில் யாரிடமும் கேட்காமல் ஆடுகிற பொருள். அதைக் கழற்றிவிட்டால், பறிபோகிறது என்பதற்குக்கூடச் சாட்சி இருக்காது.

வீட்டில் சுகந்தியிடம் சொன்னாள். அவள் நம்பவில்லை. "போக்கா. மலைக் குளுருக்கு இட்லி வேகறதுக்கு லேட்டாகாம? உனக்கு எதுக்கு இந்த வம்பு? எனக்கு வேலை போயிரும்."

"நீ நம்ப வேண்டாம் கண்ணு. நாளைக்குப் பகல்ல ஒரு ஈடு, ராத்திரி ஒரு ஈடு. ரெண்டையும் மணிக்கூண்டைப் பாத்துப் பன்னெண்டுல எறக்கு. போதும்."

செவ்வாய்க்கிழமை விரலைக் காட்ட லீவு போட்டிருந்த சுகந்தி, பகலில் அலட்சியமாக ஒரு ஈடு எடுத்தாள். ராத்திரி இன்னொன்று எடுத்தாள். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "எத்தனை வருசம்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை காலை தண்ணிக் குழாயடியில் சுகந்திதான் ஆரம்பித்தாள். மயிலா வாயைத் திறக்கவே இல்லை. அவள் சொன்னால் கடிகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள்.

"மணிக்கூண்டுக்கு வெச்சா எப்பவுமே பன்னெண்டுதானாம்" என்ற பேச்சு குழாயடியிலிருந்து பூக்கடைக்குப் போனது, பூக்கடையிலிருந்து டிபன் கடைக்கு, அங்கிருந்து தையல் தளங்களுக்கு. பாக்கியம் கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே போய் வைத்தும் பார்த்தாள். புதன் பகல் சதுக்கத்து டிபன் கடைக்காரர் ஆறு ஈடு எடுத்துப் பார்த்துவிட்டு, கடை முன்னால் நின்று மணிக்கூண்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ராத்திரி மறுபடி ஆறு. சதுக்கத்தைச் சுற்றி நாலு தெருவிலும் ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எந்த வீட்டிலும் யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் வியாழக்கிழமை ராத்திரி செங்காட்டூரில் பதிமூன்று நிமிஷ இட்லி சாப்பிட்டவர் யாரும் இல்லை.

பேட்டை நிர்வாகம் போன் பேச்சையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. இட்லியைப் பற்றிய பேச்சை அது கணக்கில் எடுக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை. முகப்பு நாலு பக்கமும் சிவப்புத் துணி. கீழே மேடை, மாலை, வெளியூர் விருந்தாளிகள். மணியோசை தளத்துக்குத் தளம் கேட்க ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கூண்டுக்குள் மயிலா தனியாக உட்கார்ந்திருந்தாள். மோட்டார் பெட்டி அவளுக்கு முக்காலியாக உதவியது.

மதியம் முழுக்க மனசோடு மல்லுக்கட்டினாள். ஸ்பேனரை இரண்டு தடவை எடுத்துப் பெண்டுலத்து ஆணியில் வைத்தாள். பத்து நிமிஷ வேலை. மாட்டிவிட்டால் லைசன்ஸ் இருக்கும், மரியாதை இருக்கும், அந்த அம்மாதான் கடிகாரத்தை ஓட வைத்தது என்று பேரும் இருக்கும். இரண்டாவது தடவை, சுகந்தியின் விரல் ஞாபகம் வந்தது. "போடா சுபவேளை" என்று சொல்லி ஸ்பேனரை ஜன்னல் வழியே கூரையில் வீசினாள். கோபத்தில் வீசியது நல்ல ஸ்பேனர், புதுசு. அப்புறம் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். விழா வரைக்கும் அடிக்கக் கூடாதென்று காலையில் கட்டி வைத்திருந்த சுத்தியலை அவிழ்த்துவிட்டாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ரகோத்தமன் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் போன், அதில் ஐந்து நான்கு. "எல்லாம் ரெடியா மயிலா..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

டக்... டக்... டக்...

கண்ணாடி முகப்பு வழியே முள்ளின் பின்பக்கத்தை அவரால் படிக்க முடிந்தது. ஐந்து ஐம்பத்தெட்டு.

"மோட்டார் எங்கே?"

"உக்காந்திருக்கேனுங்க."

"நிறுத்துங்க அதை! உடனே!"

"கை வெச்சா நின்னுருமுங்க சார். ரொம்ப சாது. ஆனா நான் வெக்க மாட்டேன்."

அவர் இரண்டு எட்டில் பெண்டுலத்துக்கு முன்னால் வந்துவிட்டார். மயிலா தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அவர் தள்ளிவிட்டுப் பிடித்திருப்பார்.

"சார், புடிக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. மேக்கால ஜன்னலைப் பாருங்க. உங்க ஆபீஸ்லிருந்து மலை தெரியாது. அங்க என்ன தெரியுது?"

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார். மலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வெயில் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"நெச ஆறு மணி இதுதானுங்க. உங்க பொண்ணு இந்நேரம் வாசல்ல விளையாடிட்டு இருக்கும். உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேலை இருக்குது. புடிங்க."

கை நீட்டினபடியே இருந்தது. பெண்டுலம் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. ரகோத்தமன் நல்லவராகிவிடவில்லை. ஒரு வீச்சு தயங்கினார், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்துக்குள் மேலே ஒரு கொக்கி விழுந்தது, எடைக்கல் இறங்கியது, சுத்தியல் பின்னால் போய்

டாங்!

கூண்டே அதிர்ந்தது. சிவப்புத் துணிக்குள்ளிருந்து புறாக்கள் பறந்தன. இரண்டு. மூன்று. மேடையில் மைக் பிடித்திருந்தவர் அண்ணாந்து பார்த்தார். நான்கு. ஐந்து.

ஆறு.

ஓசை அடங்கியது. பேட்டைப் பக்கமிருந்து மெஷின்களின் இரைச்சல் வழக்கம்போல் வந்துகொண்டே இருந்தது. மயிலா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். யாரும் எழவில்லை. இட்லி வேறு, பிழைப்பு வேறு என்று நினைத்துவிட்டார்களா? லைசன்ஸும் போயிற்று, மணிக்கூண்டும் போயிற்று.

ரகோத்தமன் மெல்ல மூச்சு விட்டார். "சொன்னேனே. யார் நம்புவாங்க?"

அப்போது இரைச்சல் லேசாக மெலிந்தது. மயிலா காதைத் தீட்டினாள். இன்னும் மெலிந்தது. ஓடுகிற மழை தெரு தாண்டிப் போகிற மாதிரி, ஒரு தளம், அடுத்த தளம், அதற்கடுத்த தளம். கடைசியில் செங்காட்டூரில் யாரும் கேட்டறியாத ஒன்று கேட்டது. வேலை நாளில் அமைதி.

பேட்டைக்குள் நடந்ததைச் சுகந்தி பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஆறாவது மணி அடித்ததும் தளத்தில் நூற்றைம்பது பேரும் மெஷினை ஓட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். யார் முதலில்? சுகந்தி கட்டுப்போட்ட விரலாலேயே ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்தாளாம்.

"எங்கம்மா எந்திரிக்கற? மணி அஞ்சு ஏழுதான் ஆகுது" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

சுகந்தி மெஷின் தலையில் ஒட்டியிருந்த அழைப்பிதழைக் கிழியாமல் உரித்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்க ஒட்டுனதுதானுங்க. மணிக்கூண்டு ஆறு அடிச்சதும் வேலை முடியும்னு போட்டிருக்குது. அடிச்சுதா, இல்லீங்களா?"

சூப்பர்வைசர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். அவர் பெண்டாட்டியும் அந்த வாரம் முழுக்கப் பன்னிரண்டு நிமிஷ இட்லிதான் போட்டிருந்தாள். தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அடிச்சுது" என்றார்.

கேட்டுகள் திறந்தன. மயிலா மேலிருந்து துணியின் கயிற்றை அறுத்துவிட்டாள். சிவப்புத் துணி சரிந்து மேடைமேல் விழுந்தது, ஆறு இரண்டு காட்டிய முகப்பு நாலு பக்கமும் வெயிலில் பளபளத்தது. ஜனங்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் கல்லெடுக்கவில்லை, கோஷம் போடவில்லை. முதலில் எல்லோரும் ஒரு காரியம்தான் செய்தார்கள். கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார்கள். வேலை விட்டு வரும்போது தங்கள் நிழல் தரையில் விழுவதை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. ஒருத்தி தன் நிழலைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள், இன்னொருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் கை தட்டல் ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவே இல்லை.

வெளியூர் விருந்தாளிகள் போனையும் சூரியனையும் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். விசாரணையும் வழக்கும் அங்கேதான் பிறந்தன. மூன்றே மாதத்தில் சுபவேளை மண்டலத்தை விட்டுப் போனது, மயிலாவின் லைசன்ஸை மேலிடத்திலிருந்து வந்த புது அதிகாரி கேட்காமலே புதுப்பித்துக் கொடுத்தார். அதெல்லாம் பின்கதை.

அன்றைக்கு ரகோத்தமன் படியிறங்கினார். கூட்டத்தில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. மேடைக்குப் போகாமல், வீடு இருக்கிற பக்கமாக முதலில் நடந்தார், அப்புறம் ஓடினார்.

மயிலா கீழே வந்ததும் பாக்கியம் மல்லிகைச் சரத்தை முழம் போடாமல் பந்தாகவே அவள் தலையில் திணித்தாள். "உன்ற கடிகாரத்தைப் போயி கேலி பண்ணுனேனே பாவி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுகந்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மேற்கே பார்த்து நின்றார்கள். மெதுவாகச் சதுக்கம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. எப்போது விழுங்கும் என்று பார்க்க வேண்டும் அல்லவா?

மலை விழுங்கியது. அவசரமே படாமல், ஒவ்வொரு விரற்கடையாக. கடைசி மஞ்சள் மறைந்தபோது எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தார்கள். ஆறே கால்.

கூட்டத்தின் நடுவில் டிபன் கடைக்காரர் மலையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மன்னிச்சுக்கோ சாமி" என்றார் சத்தமாக. "இருபது வருசமா உன் மேலயே பழி போட்டுட்டு இருந்தோம்."